கணபதியின் மூச்சு

மாரிசாமியின் நெஞ்சுக்குள் அவன் அண்ணன் கணபதியின் சத்தம் கேட்கத் தொடங்கியது அறுபத்தெட்டாம் வருடத்து ஆடி மாதத்தில். கணபதி செத்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதை முதலில் கேட்டவள் மாரிசாமியின் பெண்டாட்டி இராக்கம்மா அல்ல. பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த ரெங்கம்மா, கணபதியின் பெண்டாட்டி. தேயிலைத் தோட்டத்து லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். அதில் ஒரு காம்பராவையும் அடுத்ததையும் பிரிக்கிற சுவர் கூரைத் தகரம்வரை போகாது. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் மறு வீட்டில் மணக்கும். ஒரு வீட்டில் முனகினால் மறு வீட்டில் கேட்கும். ரெங்கம்மா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவள், மாவு ஒட்டிய கையோடு எழுந்து வந்து இவர்கள் வாசலில் நின்றாள்.

மாரிசாமி சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைத் தூக்கி, முன்னால் சாய்ந்திருந்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் அதிகமில்லை. வெளியே விடும்போதுதான் அது வந்தது. மெல்லிய விசிலாகத் தொடங்கி, நடுவில் பூனைக்குட்டி கத்துவதுபோல உடைந்து, கடைசியில் கொதிக்கிற கேத்தலின் மூடி நடுங்குவதுபோல நடுங்கி நின்றது.

"அவருதான்" என்றாள் ரெங்கம்மா.

"யாருக்கா?" என்றாள் இராக்கம்மா.

"ஒனக்குத் தெரியல? அதே இழுப்பு. எத்தன மாசம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவள் உள்ளே வந்து, மாரிசாமிக்கு எதிரில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அடுப்பில் போட்ட ரொட்டி கருகும் வாசனை சுவருக்கு மேலாக வந்தது. அவள் எழுந்து போகவில்லை.

அண்ணனும் தம்பியும் தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள். காய்ந்த தேயிலையைச் சல்லடைகளில் போட்டுப் பெரிய தூள், சின்னத் தூள் என்று பிரிக்கிற காம்பரா அது. மெசின் ஓடத் தொடங்கினால் சல்லடைகள் குலுங்கும். தேயிலையின் மேல் படிந்திருக்கும் பஞ்சுபோன்ற பழுப்புத் தூசு எழும்பி, பலகைத் தரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கலையாமல் தொங்கும். அங்கே நின்றவனின் புருவத்திலும், காது மயிரிலும், உதட்டிலும் அது படியும். வேலை விட்டு வரும்போது கணபதி எவன், மாரிசாமி எவன் என்று தூரத்தில் அடையாளம் தெரியாது. இருமித் துப்பினால் பழுப்பாக விழும். சட்டையை ஊற வைத்தால் வாளித் தண்ணீர் சாயமாகிவிடும். "சீனி மட்டும் போட்டாப் போதும்" என்று இரண்டு பெண்டாட்டிமாரும் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் சிரித்திருக்கிறார்கள்.

ஆடியில் அது இன்னும் மோசம். மேற்கு மலைகளைத் தாண்டி வருகிற கச்சான் காற்று நமுனுகுல மலைச் சரிவுகளை உலர்த்திவிடும். பீலித் தண்ணீர் நூலாக மெலியும். மலையில் கொழுந்து குறையும். ஆனால் அந்த மாதங்களின் தேயிலைக்குத்தான் வாசம் அதிகம் என்று பெரிய தொரையிலிருந்து ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர்வரை எல்லோரும் ஸ்டோரைவிட்டு நகர மாட்டார்கள். காற்று தூளை வெளியே அடித்துப் போகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி வைப்பார்கள்.

கணபதிக்கும் ஓர் ஆடியில்தான் இழுப்பு வந்தது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் போத்தல் போத்தலாகச் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். கேட்கவில்லை. பசறைப் பக்கத்திலிருந்து கோடாங்கி வந்தான். ஆற்றுப் பள்ளத்து முனி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, வெளியேற வழி தெரியாமல்தான் அது உள்ளே கத்துகிறது என்றான். காம்பராவை அடைத்து, புகை போட்டு விரட்டினான். முனி போகும்போது உயிரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. லயத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ரெங்கம்மாவும் அப்படித்தான் நம்பினாள்.

இப்போது அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கி, மேல் கழுவி, ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து உட்காருவாள். மாரிசாமிக்கு இனிப்பு வேண்டும். அவள் கொண்டுவருவதில் சீனி இருக்காது. மிளகும் இஞ்சியும் இடித்துப் போட்டிருக்கும்.

"குடிங்க" என்பாள்.

கொழுந்தனை அவள் ஒருநாளும் 'ங்க' போட்டு அழைத்ததில்லை. 'தம்பி' என்பதுதான் வழக்கம்.

மாரிசாமி குடித்து முடித்ததும் அவள் பேசத் தொடங்குவாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சட்டை திறந்திருக்கும் நெஞ்சைப் பார்த்துப் பேசுவாள்.

"பின்னால நீங்க நட்ட மரவள்ளிய பன்னி தோண்டிருச்சிங்க. மறுபடி குச்சி வச்சேன், வரல. கங்காணி மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சி. நம்ம ஆடு குட்டி போட்டுச்சி, ரெண்டு. ஒண்ணு குளுருல செத்துப் போச்சி. எனக்குக் கையி கொஞ்சம் விரச்சிப் போவுது. கொழுந்து கிள்ள முடியல. சொல்ல ஆளில்லாமக் கெடந்தேன்."

நெஞ்சு விசிலடித்து, உடைந்து, நடுங்கி நிற்கும். அவள் தலையை ஆட்டுவாள், பதில் கிடைத்த மாதிரி.

இராக்கம்மா அடுப்படியில் விறகைத் தள்ளியபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் பாவமாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகு பயமாகிவிட்டது. தன் வீட்டில், தன் புருசன் உட்கார்ந்திருக்கும் சாக்கில், வேறொருத்தியின் புருசன் உட்கார்ந்திருக்கிறான். அவனோடு அவன் பெண்டாட்டி குடும்பக் கதை பேசுகிறாள். தான் மட்டும் அங்கே வெளியாள்.

ஒரு நாள் ரெங்கம்மா போன பிறகு மாரிசாமி இராக்கம்மாவைக் கிட்டே அழைத்தான்.

"ராக்கு, நீ ஒண்ணும் நெனக்காத. நான் சொல்லுறத கேளு."

"சொல்லுங்க."

"உள்ள இழுக்கிறது நானு. வெளிய விடுறது நானில்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தினான். "விடலாம்னு பாக்கிறேன். யாரோ உள்ள புடிச்சி வச்சிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா அவுக்கிறாங்க. அண்ணன் கையி மாதிரி இருக்கு."

"மதினி சொல்லிச் சொல்லி ஒங்களுக்கும் அப்புடித் தோணுது."

"மதினி வராத நேரமும் அப்புடித்தான் இருக்கு."

அன்று இராக்கம்மா முடிவு செய்துவிட்டாள். மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து மலைக்குப் போகும் பாதையில் ரெங்கம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம கோடாங்கிய வரச் சொல்லப் போறேன்."

ரெங்கம்மா நின்றுவிட்டாள். பின்னால் வந்த பெண்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார்கள்.

"எதுக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாதா எதுக்குன்னு?"

"வேணாம் ராக்கு. அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு. சொந்தத் தம்பிதானே. இருக்க எடமில்லாம இங்க வந்திருக்காரு. இருந்துட்டுப் போறாரு, விடு."

"இவரு ஒரு வாய் ரொட்டி முழுங்க முடியல. படுக்க முடியல. ஒக்காந்தே கெடக்காரு. எம் புருசன் செத்துப் போவாருக்கா."

"நான் வேற எங்க போயி அவரு சத்தத்தக் கேப்பேன்?"

இராக்கம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்துகொண்டு ஏறினாள். அன்று முழுவதும் இரண்டு பேரும் வெவ்வேறு நிரையில் நின்று கொழுந்து பறித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோடாங்கி வந்தான். வாசலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மாரிசாமியின் கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தான். "அண்ணங்காரன்தான்" என்றான். அவன் வாயிலிருந்தும் அது வந்ததும் இராக்கம்மா புருசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கை அடைக்கச் சொன்னான். மேல் இடைவெளியில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டான். பெரிய சட்டியில் கரி நெருப்பு. அதில் சாம்பிராணி, காய்ந்த மிளகாய், வேப்பிலை, இன்னும் என்னென்னவோ. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். ரெங்கம்மாவை உள்ளே விடவில்லை.

"ஆளு திமிறுவான்" என்றான் இராக்கம்மாவிடம். "திமிறுறது ஒன் புருசன் இல்ல. கையப் புடிச்சிக்க. விட்டுறாத."

உடுக்கு அடித்தது. புகை முதலில் கூரைக்குப் போய், அங்கே இடமில்லாமல் கீழே இறங்கியது. இராக்கம்மாவுக்குக் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. மாரிசாமி இருமினான். பிறகு இருமுவதற்கும் மூச்சில்லாமல் போனது. கழுத்து எலும்புகளுக்கு மேலே குழி விழுந்தது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் ஒட்டியது. அவன் கைகளை உதறினான். அவள் விடவில்லை. அவன் கண்ணால் கதவைக் காட்டினான். வாயை அசைத்தான். "கதவு" என்றான். சத்தம் வரவில்லை. உதட்டில்தான் அது தெரிந்தது.

"கேக்குறான் பாரு, வழி கேக்குறான்" என்றான் கோடாங்கி. "போற நேரம்தான். புடி."

அவள் பிடித்துக்கொண்டாள். அவன் நகங்கள் நாவல் பழ நிறமாக மாறுவதை அந்தப் புகைக்குள்ளும் பார்த்தாள். அந்த இழுப்புச் சத்தம் சின்னதாகி, பிறகு இல்லாமல் போனது. அது நின்றதுதான் அவளை உலுக்கியது. உள்ளே இருந்தவன் போய்விட்டானா, இல்லை காற்றே ஓடவில்லையா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் கதவு அதிர்ந்தது.

"வெரட்டாதீங்க" என்று வெளியில் ரெங்கம்மா கத்தினாள். "அவர வெரட்டாதீங்க. நான் வச்சிக்கிறேன். எங்கிட்ட விட்டுருங்க."

விறகு வெட்டுகிற கோடாலியின் பின்பக்கத்தால் அவள் கதவை அடித்தாள். பழைய பலகை. தாழ்ப்பாள் பிய்ந்து கதவு சாய்ந்தது. காத்திருந்ததுபோல் கச்சான் காற்று உள்ளே புகுந்தது. கம்பளி பறந்தது. புகை வாசல் வழியாக ஆறாக ஓடியது. இராக்கம்மா கையை விட்டதும் மாரிசாமி நான்கு காலில் தவழ்ந்து வாசலைத் தாண்டி, வெளியே மண்ணில் கை ஊன்றி, வாயைப் பிளந்து கிடந்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல, அந்த விசில் வந்தது.

ரெங்கம்மா கோடாலியைப் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "போகல. போகல நீங்க" என்றாள்.

பதுளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் லொறியில் கருவாடும் தேங்காயும் துணியும் கொண்டுவந்து லயத்தடியில் விற்கிற பலீல் நானா கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்தார்.

"என்ன மனிசர் நீங்க? மூச்சு முட்டுற ஆள வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டி, பொகயும் போட்டிருக்கீங்க. ஒதடு நீலமா ஈக்கி. தூக்குங்க. லொறியில போடுங்க."

"ரெண்டு நாளு பொறுத்துத்தான் நகத்தணும்" என்றான் கோடாங்கி.

"நீங்க ஒங்கட சாமான எடுத்துட்டுப் போங்க" என்றார் பலீல் நானா. "நா ஆசுபத்திரிக்குக் கொண்டு போறன்."

தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் மாரிசாமியை உட்கார வைத்து, அவன் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு இராக்கம்மா ஏறினாள். ரெங்கம்மாவும் ஏறினாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. வளைவுக்கு வளைவு லொறி சாய்ந்தது. இராக்கம்மாவின் நெஞ்சோடு ஒட்டியிருந்த அவன் முதுகுக்குள் அந்தச் சத்தம் ஊர்ந்தது. இரண்டு பெண்களும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்கள். நின்றுவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தி வேண்டியது ஒவ்வொருவனுக்காக.

பதுளை ஆசுபத்திரியில் மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். கை நரம்பில் மெல்ல மெல்ல ஊசி மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் ஆகும்போது அவன் முதுகு தளர்ந்தது. பல வாரங்களுக்குப் பிறகு தலையணையில் சாய்ந்து தூங்கினான். இராக்கம்மா அவன் வாய்க்கருகில் காதை வைத்தாள். சாதாரணமாக மூச்சு போய் வந்தது. அதில் அண்ணன் இல்லை.

ரெங்கம்மாவை வார்டுக்குள் விடவில்லை. அவள் வெளியே மர நிழலில் பலீல் நானா வாங்கிக் கொடுத்த பணிஸ் ரொட்டியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யாழ்ப்பாணத்துக்காரியான ஓர் இளம் டாக்டரம்மா இராக்கம்மாவை அழைத்து நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். கறுப்புக்குள் வெள்ளையாகக் கிளை கிளையாக ஏதோ பரவியிருந்தது. இராக்கம்மாவுக்கு அது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது.

"கசம், காசநோய் ஒண்டும் இல்லை. பயப்பிடாதேங்கோ. இவர் எங்க வேலை செய்யிறவர்?"

"ஸ்டோருலங்க. சலிக்கிற எடத்துல."

"அதுதான். ஆட்டு நுரையீரல் கண்டிருக்கிறீங்களோ?"

"கோயிலுக்குக் கெடா வெட்டுறப்ப பாத்திருக்கேங்க. செவப்பா, பஞ்சு மாதிரி. சட்டியில போட்டா மெதக்கும்."

"ஏன் மிதக்குது? அதுக்குள்ள முழுக்கக் காத்து. எங்கட நெஞ்சுக்குள்ளயும் அதேதான். இந்தக் கிளையெல்லாம் காத்துப் போற குழாய். ஒவ்வொரு கிளை நுனியிலயும் கடுகைவிடச் சின்னச் சின்னப் பைகள், எண்ணேலாத அளவு. அந்தப் பையிலதான் காத்தும் இரத்தமும் சந்திக்குது. நல்ல காத்தை இரத்தம் எடுத்துக்கொண்டு, கெட்டதைக் குடுத்து அனுப்புது. நித்திரையிலயும் இந்த வேலை நிக்கிறதில்லை."

இராக்கம்மா தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"உந்தத் தூசு வருசக்கணக்காப் போய் இவரின்ர குழாய்களைப் புண்ணாக்கிப் போட்டுது. அதுகள் சுருங்கி, உள்ளுக்குச் சளியும் கட்டி, நூல் மாதிரி ஆயிடும். அந்த நேரம் காத்து உள்ளுக்குப் போகும். இழுத்துப் போடலாம். வெளியில வரத்தான் ஏலாது. அந்த இடுக்குக்குள்ளால வரேக்கதான் விசில் மாதிரிச் சத்தம்."

"உள்ள போனது வெளிய வர முடியாமக் கத்துறதாங்க அது?"

"ஓம். அதேதான். காத்து."

இராக்கம்மா படத்தை மறுபடி பார்த்தாள். கோடாங்கி சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டது உண்மை. வெளியேற வழியில்லாமல் கத்தியதும் உண்மை. அது எது என்பதில்தான் ஓர் உயிர் போயிருக்கிறது.

"சட்டையெல்லாம் புகை மணக்குது. என்ன செய்தனீங்கள்?"

அவள் சொன்னாள். டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தாள்.

"ஏற்கெனவே சுருங்கின குழாய்க்குள்ள புகை போனால் அது இறுகி மூடிப் போயிடும். இன்னும் கொஞ்ச நேரம் கதவு பூட்டி இருந்திருந்தால் இங்க கொண்டு வந்தும் பிரயோசனம் இல்லை. ஆர் கதவைத் திறந்தது?"

"எங்க அக்காங்க. வெளிய இருக்காங்க."

"அவதான் இவரைக் காப்பாத்தினவ. சொல்லுங்கோ அவவிட்டை."

இராக்கம்மா வெளியே வந்தாள். மரத்தடியில் ரெங்கம்மா பணிசைத் தின்னாமல் வைத்திருந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"ஆளுக்கு ஒண்ணுமில்லையாம்" என்றாள் இராக்கம்மா. "ஊசி போட்டிருக்காம்." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. இன்று கதவு திறந்ததைச் சொன்னால், அன்று கணபதிக்குக் கதவு அடைத்ததையும் சொல்ல வேண்டும்.

மாரிசாமி வீடு திரும்பியபோது ஆவணி பிறந்திருந்தது. டாக்டரம்மா சொன்னபடி இராக்கம்மா டீமேக்கரின் காரியாலய வாசலில் நின்று, கும்பிட்டு, வாதாடி, புருசனை ஸ்டோரிலிருந்து வெளியே எடுத்தாள். அவனைப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. நின்று நின்று ஏறினான். ஆனால் இழுப்பு இல்லை.

அவன் வந்த அன்று சாயங்காலம் ரெங்கம்மா மிளகுத் தேத்தண்ணியோடு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். வெகு நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, வெட்கப்படாமல், அவன் நெஞ்சில் காதை வைத்தாள். மாரிசாமி அசையாமல் இருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இல்ல" என்றாள் ரெங்கம்மா.

அவள் தேத்தண்ணியை வாசலில் ஊற்றிவிட்டுத் தன் காம்பராவுக்குப் போனாள். அதன் பிறகு அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை என்று மலையில் பேசிக்கொண்டார்கள். கோடாங்கிக்குச் சுற்று வட்டாரத்தில் பேர் கூடிவிட்டது. செத்த அண்ணனை மாரிசாமியின் நெஞ்சிலிருந்து இறக்கிவிட்டான் என்றார்கள். ரெங்கம்மாவே அதற்குச் சாட்சி.

ஐப்பசி மழையில் சின்னராசாவுக்கு இழுப்பு வந்தது. பல வருடம் ஸ்டோரில் நின்று, மாரிசாமியின் இடத்தில் சல்லடைக்குப் போனவன் அவன். வயதான தாய் மட்டும்தான் அவனுக்கு. மேல் லயத்தில் குடியிருந்தார்கள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு காலை, தண்ணீருக்குப் போன இராக்கம்மா, சின்னராசா வீட்டு வாசலில் கரிச்சட்டி இருப்பதைப் பார்த்தாள். கோடாங்கி உள்ளே இடுக்குகளுக்குச் சாக்கு அடைத்துக்கொண்டிருந்தான். இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு மூலையில் ரெங்கம்மாவும் நின்றாள். சின்னராசாவின் இழுப்பு வெளியே கேட்டது. அவள் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று இராக்கம்மாவுக்குப் புரிந்தது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு இராக்கம்மா கிழவியிடம் போனாள்.

"ஆத்தா, பொக போடாதீங்க. பதுளைக்குக் கொண்டு போங்க. அங்க ஊசி இருக்கு."

"என்னா பேச்சு பேசுற நீ? ஒம் புருசனுக்கு இவருதானே பாத்தாரு. இப்ப மம்பட்டி தூக்குறானே."

"இவரு பாத்து நல்லாவல ஆத்தா. ஆசுபத்திரி ஊசிலதான் நல்லாச்சி. அது பேயில்ல. தூசு. நெஞ்சுக்குள்ள கொழாயி சுருங்கிப் போவுது. பொக போட்டா மூடிக்கிருமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்ப இவ புருசன் கணபதி? அவனுக்கு முனிதானே?"

பெண்கள் எல்லோரும் ரெங்கம்மாவைப் பார்த்தார்கள். இராக்கம்மா தரையைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் பீலியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லு ராக்கு" என்றாள் ரெங்கம்மா. "அன்னைக்கு ஆசுபத்திரியில எங்கிட்ட பாதிதான் சொன்ன. எனக்குத் தெரியும். மிச்சத்தையும் சொல்லு."

"அக்கா."

"சொல்லு."

"பெரியத்தானுக்கும் இதேதான்கா. முனி கினி ஒண்ணுமில்ல." இராக்கம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள். "கதவு தொறந்திருந்தா இருந்திருப்பாரு."

ரெங்கம்மா அழவில்லை. அவள் முகம் அப்படியே இருந்தது. கணக்கப்பிள்ளையிடம் வேலை விபரம் சொல்வதுபோல, தெளிவாகச் சொன்னாள்.

"கதவத் தொறன்னாரு. மூணு தடவ சொன்னாரு. எங் கண்ணப் பாத்துத்தான் சொன்னாரு. முனி பேசுதுன்னு நெனச்சேன். கையப் புடிச்சிருந்தது நானு. ரெண்டு கையையும்."

பிறகு அவள் உள்ளே போனாள். கோடாங்கி அடைத்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே எறிந்தாள். அவன் ஏதோ சொல்ல வந்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சின்னராசாவைத் தன் தோளில் சாய்த்துத் தூக்கினாள். இராக்கம்மா மறுபக்கம் பிடித்தாள். கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, மழையில் லயத்துப் படிகளில் இறக்கிக்கொண்டு போனார்கள். கீழே பலீல் நானாவின் லொறி வந்து நின்றிருந்தது.

சின்னராசா பிழைத்தான். ஸ்டோருக்குத் திரும்பிப் போகவில்லை. கிழவி இராக்கம்மாவைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டாள். சல்லடைக் காம்பராவின் ஜன்னல்கள் மட்டும் சாத்தியபடியே இருந்தன. வேறு யாரையோ அங்கே போட்டார்கள்.

மார்கழியில் மலையெல்லாம் மூடுபனி. பகலிலேயே அடுத்த நிரையில் நிற்பவள் தெரியாது. சாயங்காலங்களில் அடுப்பு மூட்டும் நேரத்தில் இராக்கம்மா ஒன்றைக் கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரெங்கம்மா மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். நீளமாக. பிறகு ஒன்றும் கேட்காது. விறகு வெடிக்கும், தகரத்தில் பனி சொட்டும், சுவருக்கு அப்பால் ஒன்றுமே இருக்காது. நெடுநேரம் கழித்து ஒரு பெரிய விம்மலோடு அது வெளியே வரும். மறுபடி இழுப்பாள்.

எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் ஓர் ஆளால் இருக்க முடியும் என்று அவள் பார்க்கிறாள். கணபதிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கிறாள்.

மாரிசாமிக்கும் அது கேட்டது. அவன் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பான். இராக்கம்மா அடுப்பு முன்னால் கையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு நிற்கும்போது தன் மூச்சும் நின்றுவிடுவதை ஒரு நாள் உணர்ந்தாள். அவள் விட்டால்தான் தன்னாலும் விட முடிந்தது.

அன்று இராக்கம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். விளக்கில்லை. ரெங்கம்மா சுவரோடு சாய்ந்து, கண்ணை மூடி, வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தன் கை இரண்டையும் தானே இறுகப் பிடித்திருந்தாள்.

இராக்கம்மா எதிரில் குந்தினாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவை விறைத்துக் குளிர்ந்திருந்தன. பிரித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுக்கா" என்றாள். "மூச்ச விடு."

ரெங்கம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு விட்டாள்.